“ஷூ போயிடுச்சு சார்”: பைக் பிரேக் கோளாறும் ஷோரூம் பில்லும், அறிகுறி வாரியாக

டெல்டாவில் மலை இறக்கம் கிடையாது. அப்படியிருந்தும் இங்கே பிரேக் சீக்கிரம் கெடுகிறது. வரப்புச் சேறு, வைக்கோல் தூசி, தரைப்பாலத்துத் தண்ணீர், நாகப்பட்டினம் வேதாரண்யம் பக்கம் போனால் உப்புக் காற்று, இவற்றுக்கு மேல் சுமை. யூரியா மூட்டை ஒன்று 45 கிலோ. அதில் இரண்டைப் பின்னால் வைத்துக்கொண்டு நூறு சிசி வண்டி ஓட்டுகிறவர்களை மன்னார்குடி, நீடாமங்கலம் சாலைகளில் தினமும் பார்க்கலாம். அந்தச் சுமையை நிறுத்துவது கையகலம்கூட இல்லாத இரண்டு பிரேக் ஷூ.

எங்கள் தெருவில் யாருக்கு பிரேக் தகராறு என்றாலும் வண்டி முதலில் என் வாசலுக்குத்தான் வரும். வரும் கோளாறுகள் திரும்பத் திரும்ப அதேதான். பாதிக்கு மேல் நட்டைத் திருகுவதிலும் துடைத்து கிரீஸ் வைப்பதிலும் சரியாகிவிடுகின்றன. அதே வண்டி நேராக டவுன் ஷோரூமுக்குப் போயிருந்தால் ஷூ, கேபிள், ஸ்பிரிங், கிளீனிங் என்று நாலு வரி பில்லாகியிருக்கும். அதற்காக ஷோரூமே வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கேதான் போயாக வேண்டிய கோளாறுகளும் உண்டு. எது எங்கே முடியும் என்று தெரிந்துகொண்டு வண்டியை விட வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள். அது இல்லை என்று உறுதியான பிறகு அடுத்ததற்குப் போங்கள்.

கை வைக்கும் முன்

வண்டியை மெயின் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்துங்கள். ஓட்டி வந்த சூட்டோடு டிரம்மையும் (சக்கர நடுவில் இருக்கும் கிண்ணம், ஷூ இதன் உள்சுவரில்தான் உரசும்) டிஸ்க்கையும் (சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடு, இதை பேட் கவ்வும்) தொடாதீர்கள். டிரம்மைத் திறந்தால் உள்ளே இருக்கும் கருப்புத் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் (ஷூ மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டை) கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

## பின் பிரேக் பெடல் ஆழமாகப் போன பிறகுதான் பிடிக்கிறது (டிரம்)

நட்டைத் திருகிப் பாருங்கள்

பெடலின் நுனி சும்மா ஆடும் தூரம் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் பின் சக்கரத்துப் பக்கம் பிரேக் ராடின் முனையில் இருக்கும் நட்டை அரைச் சுற்று, அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஒவ்வொரு முறையும் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். உரசாமல் சுற்ற வேண்டும். நட்டின் வாயில் ஒரு அரைவட்டப் பள்ளம் இருக்கும். அது லீவரில் உள்ள உருண்டைப் பின் மேல் சரியாக உட்கார வேண்டும். பாதியில் நின்றால், கொஞ்ச தூரம் ஓடியதும் அது தானாக இடத்தில் உட்கார்ந்து பெடல் மறுபடி இறங்கிவிடும். “நேத்துதான் டைட் பண்ணினேன், இன்னைக்கு மறுபடியும் லூஸ்” என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு இதுதான் காரணம்.

அம்புக்குறியைப் பாருங்கள்

டிரம்மை மூடியிருக்கும் தட்டில், கேமை (ஷூவை விரிக்கும் அச்சு) திருப்பும் லீவரின் அடியில், சின்ன அம்பு ஒன்று பெரும்பாலான வண்டிகளில் உண்டு. பக்கத்தில் தட்டிலேயே ஒரு குறியும் வார்த்திருப்பார்கள். யாரையாவது பெடலை முழுதாக அழுத்தச் சொல்லுங்கள். அம்பு நகர்ந்து குறியைத் தொட்டால் ஷூ முடிந்தது. தொடாமல் நன்றாகத் தள்ளி நின்றால் ஷூவுக்கு இன்னும் வாழ்வு இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றாமல், ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துகொள்ளும் இந்த ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை யாரிடமும் விட வேண்டும். சேறு அப்பிக் குறி தெரியாவிட்டால் பழைய டூத்பிரஷ் போதும்.

நட்டை இறுக்க இனி மரை இல்லை

இங்கே இரண்டு வழி பிரிகிறது. சமீபத்தில் ஷூ மாற்றியிருந்தால் அது மலிவான, லைனிங் மெலிந்த ஷூவாக இருக்கலாம். மாற்றாமலே இப்படி என்றால் ஷூவோ டிரம்மின் உள்சுவரோ தேய்ந்திருக்கலாம்.  எது என்று பார்க்கச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

இந்தக் கட்டத்தில் சில மெக்கானிக்குகள் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: “லீவரை ஒரு பல் தள்ளிப் போட்டுடறேன் அண்ணே, இன்னும் ஆறு மாசம் ஓடும்.” வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லீவரைத் தள்ளிப் போட்டால் சில வண்டிகளில் அம்புக்குறி காட்டும் கணக்கும் பொய்யாகிவிடலாம். தேய்ந்த ஷூவை கேம் அளவுக்கு மீறி விரித்து, அப்படியே திரும்பி மாட்டிக்கொள்ளவும் கூடும். அப்புறம் பெடலை விட்டாலும் சக்கரம் விடாது.

திறந்து பார்த்தால்

ஷூவின் லைனிங் மிக மெலிந்த இடத்தில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் அளவு இருந்தால் அதுவே கணக்கு. இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்கோடு ஜோடியாக மாற்ற வேண்டும். நூறு சிசி வண்டிக்கு இது சில நூறு ரூபாய்ச் செலவு. பழைய இரும்பில் புது லைனிங் ஒட்டிக் கொடுக்கும் ஷூவை நான் யாருக்கும் போடுவதில்லை. ஒட்டு விட்டு லைனிங் கழன்றால் சக்கரம் நின்ற இடத்திலேயே இறுகிவிடும்.

டிரம்மின் உட்பக்கத்தில் உச்ச விட்டம் எவ்வளவு என்று அச்சாகியிருக்கும். 130 மில்லிமீட்டர் டிரம்முக்கு அது பெரும்பாலும் 131. விரலை உள்ளே விட்டு விளிம்பு வரை தடவிப் பாருங்கள். படி மாதிரித் தட்டினால் டிரம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது.

இதற்கு மேல் மெக்கானிக்

விளிம்பில் படி இருந்தால் லேத் பட்டறையில் உள்விட்டத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். எல்லையைத் தாண்டியிருந்தால் செலவு சக்கரத்தைப் பொறுத்தது. கம்பிச் சக்கரம் என்றால் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) மட்டும் மாற்றிக் கம்பி கட்டலாம். அலாய் வீலில் டிரம்மும் சக்கரமும் ஒரே வார்ப்பு என்பதால் முழுச் சக்கரமே மாற்றியாக வேண்டும். தேய்ந்த ஷூவோடு இரும்பு உரச உரச ஓட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொன்னால்தான் உறைக்கிறது.

## முன் டிஸ்க் பிரேக் லீவர் மெத்தென்று உள்ளே போகிறது

டப்பாவின் கண்ணாடியைப் பாருங்கள்

ஹேண்டில்பாரை நேராக வைத்து, பிரேக் ஆயில் டப்பாவின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடியைப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருந்தால் இரண்டு காரணம்தான்: பேட் தேய்ந்திருக்கிறது, இல்லை எங்கோ கசிகிறது. அதனால் உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். பேட் தேயத் தேய காலிபரின் (பேடை டிஸ்க் மேல் அழுத்தும் கவ்வி) பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் மட்டம் இறங்கும். இது இயல்பு. இப்போது நிரப்பிவிட்டு, பிறகு புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளினால் ஆயில் வழிந்து டேங்க் பெயிண்டைத் தின்றுவிடும். அப்படிச் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

பேட்

டார்ச் அடித்து காலிபருக்குள் பாருங்கள். பேடில் ஒரு பள்ளக் கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு மறைகிற அளவுக்குத் தேய்ந்தால் மாற்ற வேண்டும். கோடு இல்லாத பேட் என்றால், இரும்புத் தட்டுக்கு மேல் 1 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றாலே காலம் முடிந்தது. உள்பக்கப் பேடையும் பாருங்கள். வெளிப்பேட் நன்றாக இருந்து உள்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் காலிபர் நகரும் பின்கள் துருப்பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். பேடை மட்டும் மாற்றினால் அதே கதை மறுபடி வரும். பின்னைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் வைக்க வேண்டும்.

பேட் நன்றாக இருக்கிறது, மட்டமும் சரி

லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே ஒரு நிமிடம் நில்லுங்கள். மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரின் (லீவர் பக்கத்தில் ஆயிலை அழுத்தும் பாகம்) ரப்பர் சீல் போயிருக்கலாம், அல்லது குழாய் இணைப்பில், காலிபர் ஓரத்தில் கசிவு இருக்கலாம். வெள்ளைத் தாளால் ஒற்றி எடுத்தால் ஈரம் தெரிந்துவிடும். இறங்காமல் மெத்தென்று மட்டும் இருந்து, இரண்டு மூன்று முறை அடித்தால் கெட்டியாகிறது என்றால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது.

ஆயிலின் வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழுப்பு நிறமாகிவிட்டால் அதற்கு முன்பே மாற்றலாம். எந்த ஆயில் என்று டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும்: டாட் 3 அல்லது டாட் 4. டாட் 5 என்பது வேறு ஜாதி, சிலிக்கான். அதை இவற்றோடு கலக்கவே கூடாது. போன வருடம் திறந்து மீதி வைத்த பாட்டிலை ஊற்றாதீர்கள். சீல் உடைக்காத சின்ன பாட்டிலே வாங்குங்கள்.

எப்போது விட வேண்டும்

காற்று எடுப்பதும் ஆயில் மாற்றுவதும் பழகினவர் செய்கிற வேலை. பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்ட பிறகு நீங்களே செய்யலாம், சாதா டிஸ்க் பிரேக்காக இருந்தால். ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏற்பாடு) உள்ள வண்டியில் கை வைக்காதீர்கள். லீவர் கைப்பிடி வரை போய்த் தொடுகிறது என்றால் வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகக்கூடாது. தள்ளிக்கொண்டோ, லோடு ஆட்டோவில் ஏற்றியோ போங்கள்.

## சத்தம் வருகிறது

கீச்சென்று, காலையில் மட்டும். இரவு பனியிலும் மழையிலும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் மெல்லிய துரு படியும். நாலைந்து தடவை பிரேக் பிடித்ததும் போய்விட்டால் விட்டுவிடுங்கள். செலவே இல்லை.

கீச்சென்று, எப்போதும். டிரம் என்றால் தூசி கட்டியிருக்கும். தையும் மாசியும் சம்பா அறுவடைக் காலம், சாலை முழுக்க வைக்கோலும் களத்துத் தூசியும்தான். அந்த இரண்டு மாதமும் இந்தப் புகார் அதிகம். ஹப்புக்கும் தட்டுக்கும் நடுவே வைக்கோல் சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இழுத்தால் வந்துவிடும். இல்லையென்றால் திறந்து ஈரத்துணியால் துடைத்து, ஷூ மேல் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு இருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மாட்டுங்கள். ஷோரூமில் இதைத்தான் பிரேக் கிளீனிங் என்று லேபர் போடுவார்கள். செய்தால் நியாயமான காசு. செய்தார்களா என்பதைப் பில் பற்றிச் சொல்லும்போது பார்ப்போம்.

கரகரவென்று இரும்பு உரசும் சத்தம். இதில் அடுத்த சோதனை எதுவும் இல்லை. நிறுத்திவிடுங்கள். லைனிங் முடிந்து இரும்பு உரசுகிறது. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று அச்சாகியிருக்கும். அதற்குக் கீழே போனால் டிஸ்க்கும் மாற்ற வேண்டும். சில நூறு ரூபாய்ப் பேடைத் தள்ளிப்போட்டு ஆயிரக்கணக்கில் டிஸ்க் வாங்குவது இப்படித்தான்.

## பிரேக் விடவில்லை, சக்கரம் இறுக்கமாகச் சுற்றுகிறது

வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் குறைந்துவிட்டது என்று இன்ஜினைக் குறை சொல்லிக்கொண்டு வருவார்கள். ஹப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அனல் அடிக்கும். அங்கேயே பதில் இருக்கிறது.

சமீபத்தில் செயின் டைட் செய்தீர்களா? செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னால் இழுப்பார்கள். அதோடு பிரேக் ராடும் இறுகிவிடும். செயின் பார்த்த கையோடு பிரேக் நட்டைக் கொஞ்சம் தளர்த்தியிருக்க வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான். நட்டைத் தளர்த்தி, பெடலுக்கு ஆட்டம் கொடுத்தால் முடிந்தது.

பெடலை விட்டால் லீவர் மெதுவாகத் திரும்புகிறது. கேம் துருப்பிடித்திருக்கிறது. வயலுக்குள் இறங்கும் வண்டிகளுக்கும் வேதாரண்யம், கோடியக்கரை பக்கத்து வண்டிகளுக்கும் இது வருடா வருடம் வரும். கேமைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து, மெல்லிசாக கிரீஸ் தடவி மாட்டுங்கள். விரலில் ஒட்டுகிற அளவு கிரீஸ் போதும். அள்ளி வைத்தால் சூட்டில் உருகி ஷூ மேல் போய் வேறொரு கோளாறு ஆரம்பிக்கும். கழற்றும் முன் லீவரும் கேமும் எந்தப் பல்லில் பொருந்தியிருந்தன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முன் டிஸ்க் விடவில்லை. முதலில் காலிபர் நகரும் பின்னைப் பாருங்கள், அடுத்தது பிஸ்டன். அந்தப் பின் வரைக்கும் நீங்கள் பார்க்கலாம். பிஸ்டன் துருப்பிடித்துச் சிக்கியிருந்தால் சீல் செட் மாற்ற வேண்டும், அது மெக்கானிக் வேலை. அதற்கும் முன் ஒன்று: அழகுக்காக வெளிச்சந்தை லீவர் போட்டிருந்தால் பழைய லீவரை மாட்டிப் பாருங்கள். சில லீவர்கள் மாஸ்டர் சிலிண்டரை எப்போதும் கொஞ்சம் அழுத்திக்கொண்டே இருக்கும்.

## லீவர் கெட்டியாக இருக்கிறது, வண்டிதான் நிற்கவில்லை

வாட்டர் சர்வீஸ் விட்டு எத்தனை நாள் ஆகிறது? இதுதான் முதல் கேள்வி. கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசலையோ பாலிஷையோ வண்டி முழுக்கப் புகையாக அடிக்கும் பழக்கம் நம் ஊர் வாட்டர் சர்வீஸ்களில் இருக்கிறது. அது டிஸ்க் மேலும் படும். டிஸ்க்கை சோப்புத் தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் துடைத்து, பிரேக் கிளீனர் இருந்தால் அடியுங்கள். இங்கே மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் எதுவும் கூடாது. பேட் எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தால் உப்புத்தாள் தேய்ப்பது இரண்டு நாள் நிம்மதிதான். மாற்றிவிடுங்கள். அடுத்த தடவை, “தம்பி, டிஸ்க் பக்கம் அடிக்காதப்பா” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செயின் ஸ்பிரேக்கும் இதே எச்சரிக்கைதான்.

டிரம்மில் எண்ணெய்ப் பசை. கேமில் அதிகமாக வைத்த கிரீஸ், அல்லது வீல் பேரிங் சீல் கிழிந்து வந்த கிரீஸ். எது என்று பார்க்காமல் ஷூ மட்டும் மாற்றினால் புது ஷூவும் கெடும்.

இப்போதுதான் புது ஷூ போட்டது. புது ஷூ டிரம்மோடு பொருந்த நூறு இருநூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை மூட்டை ஏற்றாமல், மெதுவாகப் பிடித்துப் பழக்குங்கள்.

தண்ணீரில் இறங்கி வந்தது. ஐப்பசி கார்த்திகையில் தரைப்பாலத்தைத் தாண்டினால் டிரம்முக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரேக்கை லேசாக அழுத்தி விட்டு, அழுத்தி விட்டுக் காய வையுங்கள். ஹப் மூழ்கும் அளவுக்குப் போய் வந்திருந்தால், அந்த வாரமே சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் வண்டலைத் துடைக்க வேண்டும். காய்ந்தால் அது ஷூவை அரைத்துவிடும்.

## பிரேக் பிடித்தால் வண்டி உதறுகிறது, ‘டக்’ என்கிறது

முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஹேண்டில் கழுத்தில் ‘டக்’ என்று அடித்தால் கோன் செட் (கழுத்து பேரிங்) தளர்ந்திருக்கிறது. பிரேக்கில் காசு போடாதீர்கள். சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங். இரண்டும் இல்லாமல் பெடல் காலடியில் துடித்தால் டிரம் கோணியிருக்கலாம், கம்பிகள் தளர்ந்திருக்கலாம். லீவர் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம். இந்தக் கடைசி மூன்றுக்கும் அளவுகோல் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும்.

## பிரேக்கைத் தொட்டவுடன் பின் சக்கரம் வழுக்குகிறது

டயரைப் பாருங்கள், வழுக்கையாகிவிட்டால் பிரேக் என்ன செய்யும். சாலையில் நெல் காயப் போட்டிருக்கும் இடத்தில் எந்த பிரேக்கும் பிடிக்காது. அங்கே முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

ஆனால் பஞ்சர் ஒட்டிய மறுநாள் இப்படி ஆரம்பித்தால் உடனே இறங்கிப் பாருங்கள். டிரம் தட்டு சக்கரத்தோடு சுற்றிவிடாமல் பிடித்து வைத்திருக்கும் ஒரு கம்பி, தட்டிலிருந்து ஸ்விங் ஆர்முக்குப் (பின் சக்கரத்தைத் தாங்கும் சட்டம்) போகும். பின் சக்கரத்தைக் கழற்றும்போது அதன் நட்டையும் கழற்றுவார்கள். திரும்ப இறுக்க மறந்தால், அல்லது அதன் முள் பின்னைப் போடாமல் விட்டால், பிரேக் மிதித்ததும் தட்டு சுழன்று ராடை முறுக்கிவிடும். பஞ்சர் கடையை விட்டுக் கிளம்பும் முன் மூன்றைப் பாருங்கள்: இந்தக் கம்பி, ஆக்ஸில் நட்டு, பிரேக் ராடு நட்டு. பஞ்சர் போடுகிற அண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் சிபிஎஸ் இருக்கும். பின் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். இவற்றில் பின் நட்டை இறுக்கியதும் முன் சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். இணைப்புக் கேபிளைத் திருகி விளையாட வேண்டாம்.

## ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை

சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் சக்கரத்தில் இருக்கும் சென்சாரையும் ஓட்டை ஓட்டையான வளையத்தையும் சேறு போகத் துடையுங்கள். அப்புறம் வயரைப் பாருங்கள். பத்தாயத்துக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற வீடுகளில் எலி கடித்த வயரை நிறையப் பார்த்திருக்கிறேன். பியூஸையும் பாருங்கள். இவை சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் ஷோரூம்தான். ஸ்கேனர் மாட்டிக் கோளாறு எண்ணைப் படிக்க வேண்டும். அதுவரை சாதா பிரேக் வேலை செய்யும், ஆனால் ஈரச் சாலையில் சக்கரம் லாக் ஆகும் என்பதை நினைவில் வைத்து ஓட்டுங்கள்.

## கோளாறு பில்லில் இருக்கிறது

காலையில் விட்டீர்கள், பதினோரு மணிக்கு போன்: “ஷூ போயிடுச்சு சார், மாத்திடட்டுமா?”

நீங்கள் பஸ் ஏறி ஊருக்கு வந்திருப்பீர்கள். திரும்பிப் போகப் பாதி நாள் போகும் என்று அவர்களுக்கும் தெரியும். “சரி, மாத்துங்க” என்று சொல்லத்தான் வாய் வரும். அதற்குப் பதிலாக, கழற்றிய ஷூவின் பக்கத்தில் ஸ்கேல் வைத்து வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். 2 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். மறுக்காதீர்கள், தேவையான செலவுதான். 3, 4 இருந்தால் துடைத்து மாட்டினால் போதும் என்று சொல்லலாம். காலையிலேயே அம்புக்குறியைப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் இந்தப் பேச்சுக்கே தயாராக இருப்பீர்கள்.

ஜாப் கார்டு போடும்போதே இரண்டு வரி எழுதச் சொல்லி, அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்: கேட்காமல் எந்தப் பாகமும் மாற்ற வேண்டாம், மாற்றினால் பழைய பாகம் என் கையில் வர வேண்டும்.

ஷூ மாற்றியதாக பில், பிரேக் பழைய மாதிரியே

கவுன்ட்டரிலேயே பாருங்கள். புது ஷூ போட்டிருந்தால் முழுதாக அழுத்தினாலும் அம்பு குறியிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்கும். ராடின் நட்டும் முன்பு இருந்ததைவிட வெளியே, மரையின் முனைப் பக்கம் வந்திருக்கும். விடுவதற்கு முன் அந்த நட்டைப் படம் எடுத்திருந்தால் பேச்சே தேவையில்லை. கிளீனிங் செய்தார்களா என்பதற்கும் ஒரு தடயம் உண்டு: சக்கரத்தைக் கழற்றாமல் டிரம்மைத் துடைக்க முடியாது. ஆக்ஸில் நட்டில் பழைய சேறு அப்படியே காய்ந்திருந்தால் ஸ்பேனர் அங்கே போகவே இல்லை.

பில்லில் வரி வரியாகப் பாருங்கள்

பாகத்தின் பாக்கெட்டைக் கேளுங்கள். அதில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்தது. பில்லில் பாகத்தின் விலையும் ஜிஎஸ்டியும் கூட்டினால் அந்த எம்ஆர்பியைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28 இருந்தது. பழைய கணக்கிலேயே பில் வந்தால் கேளுங்கள். ‘கன்ஸ்யூமபிள்ஸ்’ என்று ஒரு வரி இருந்தால் என்னென்ன என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். கோட்டிங், பாலிஷ், இன்ஜினில் ஊற்றும் சேர்மானம் ஆகியவை வேண்டாம் என்றால் எஸ்டிமேட்டிலேயே அடித்துவிடலாம். பெரும்பாலும் பில்லை ஊத வைப்பது பிரேக் ஷூ அல்ல, இவைதான்.

இலவச சர்வீஸ் என்றால் லேபர் மட்டும்தான் இலவசம். ஆயிலுக்கும் பாகத்துக்கும் காசு உண்டு. வாரன்டி இருக்கும் வரை கையேட்டில் சொன்ன சர்வீஸ்களை ஷோரூமிலேயே முடியுங்கள். நடுவில் விட்டால் பிறகு இன்ஜினில் கோளாறு வரும்போது அதைக் காட்டி மறுப்பார்கள். ஷூவும் பேடும் தேய்மானப் பொருள்கள், அவை வாரன்டியில் பொதுவாக வராது. வாரன்டி முடிந்த வண்டிக்கு நான் சொல்வது, தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ கம்பெனி பாகம் விற்கும் கடையில் பாக்கெட்டோடு வாங்கி, ஊர் மெக்கானிக்கிடம் லேபர் மட்டும் கொடுத்துப் போடுங்கள். பிரேக் பாகத்தில் மட்டும் பாக்கெட் இல்லாத சரக்கு வேண்டாம்.

பேசியும் தீரவில்லை

முதலில் சர்வீஸ் மேனேஜர், அடுத்து கம்பெனியின் வாடிக்கையாளர் எண். பில், ஜாப் கார்டு, படங்கள் மூன்றையும் வைத்துக்கொண்டு பேசினால் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கொடுக்க மறுப்பதே 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. முந்நூறு ரூபாய் ஷூவுக்காக ஆணையத்துக்கு அலைவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சர்வீஸ் விட்டு எடுத்த வண்டியில் பிரேக் கழன்று விழுந்தார்கள் என்றால் அது வேறு கணக்கு. அப்போது வண்டியில் யாரும் கை வைக்கும் முன் படம் எடுத்துவிட்டு, கழன்ற பாகத்தை எடுத்துப் பத்திரமாக வையுங்கள்.